40 நாளும் 16 வாரமும்

1960-களில் தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஆறாம் வகுப்பின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருந்தால், ஆசிரியர் தன்னைப் பற்றித் தானே நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடப்பதைக் கண்டிருக்கலாம். "ஐ ஆம் கோயிங் டு த டோர்." கதவருகே நின்று, "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்." திறந்த பிறகு, "ஐ ஹேவ் ஓப்பன்ட் த டோர்." அடுத்து ஒரு பையனை எழுப்பி அதே கதவுக்கு அனுப்புவார். அவன் வெட்கத்தோடு நடக்க, வகுப்பு முழுக்க "ஹி ஈஸ் கோயிங் டு த டோர்" என்று கோரஸாகக் கத்தும். வராந்தாவில் போகிற மற்ற ஆசிரியர்களுக்கு இது நல்ல வேடிக்கை.

ஸ்ட்ரக்சுரல் முறை என்று அதற்குப் பெயர். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒரு புதிய அமைப்பை மட்டும் எடுப்பது, அதற்கான சந்தர்ப்பத்தை வகுப்பறையிலேயே உண்டாக்குவது, தமிழைத் தொடாமல் இருப்பது. அதற்கு முன்பு பள்ளிகளில் நடந்தது வேறு மாதிரி. பாடத்தை வாசிப்பார்கள், வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வார்கள், கடினச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள், கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஆறு வருடம் ஆங்கிலம் படித்தவனுக்கு மில்டன் பற்றி ஒரு பத்தி எழுதத் தெரியும், தபால் ஆபீசில் ஒரு வாக்கியம் பேச வராது. அந்த நோய்க்குத்தான் இந்த மருந்து.

மருந்து சரி, அதைக் கொடுக்க ஆள் வேண்டுமே. 1950-களின் இறுதியில் சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தில் இறங்கின. தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கும் மறுபயிற்சி. நிபுணர்கள் சிலரைப் பயிற்றுவிப்பார்கள், அவர்கள் ஊர் ஊராகப் போய் மேலும் பலரைப் பயிற்றுவிப்பார்கள், அவர்கள் இன்னும் பலரை. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயரில் அது ஆங்கிலம் கற்பிப்போர் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. டி.ஏ. ஸ்மித் என்பவர் 1962-ல் லண்டன் இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இப்போதும் மேற்கோள் காட்டுகிறார்கள். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி அறியாத ஊருக்குப் பனிப்பந்து என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும், 1963-ல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார நிறுவனமும் வந்தன. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலர் பெங்களூருக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். ஹைதராபாத் நிறுவனம் பிறகு பிற அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, இன்று இஃப்லு என்று எல்லாரும் சொல்கிற மத்தியப் பல்கலைக்கழகமாகிவிட்டது.

இப்படி அடுக்கடுக்காக இறங்கி வருகிற பயிற்சியில் ஒரு சங்கடம் உண்டு. மேலே இருந்தவர் சொன்ன காரணம் கீழே வருவதற்குள் உதிர்ந்துவிடும், செய்கை மட்டும் வந்து சேரும். கதவை நோக்கி நடப்பது எதற்காக என்பது மறந்துபோய், ஆங்கில வகுப்பு என்றால் கதவை நோக்கி நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பயிற்சிக் கல்லூரிகளும் அதையே பிடித்துக்கொண்டன. நான் பி.எட். படித்த 1980-களின் தொடக்கத்திலும் நாங்கள் நடந்துகொண்டுதான் இருந்தோம்.

அந்தக் காலத்து பி.எட். ஒரே வருடம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அது பி.டி., அதற்கும் முந்தியவர்களுக்கு எல்.டி. 1856-ல் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்கு வந்த ஆசிரியர் கல்லூரியில் படித்தவர் என்றால் ஊரில் தனி மதிப்பு. பெயர் மாறினாலும் அடித்தளம் மாறவில்லை. வருடத்தின் நடுவில் டீச்சிங் பிராக்டிஸ் வரும். 40 நாள் என்று கணக்கு. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு எங்களைப் பிரித்து அனுப்புவார்கள். சேலை மடிப்பைப் பின் குத்தி, கையில் சுருட்டிய சார்ட்டும் ஃபிளானல் போர்டுமாகப் பஸ் ஏறினால், கண்டக்டரே "டிரெயினிங் டீச்சரா?" என்று கேட்டுவிட்டுச் சில்லறை கொடுப்பார்.

போவதற்கு முன்பு கிரிட்டிசிசம் கிளாஸ் ஒன்று உண்டு. அதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதன் உதறல் தெரியும். ஒருத்தி உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துவாள். பின் வரிசையில், கற்பிக்கும் முறையை எங்களுக்குச் சொல்லித்தந்த மெத்தட் மாஸ்டரும், ஆங்கிலத்தை எடுத்திருந்த மற்ற மாணவர்கள் அத்தனை பேரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் விசாரணை. முதலில் மெரிட்ஸ், பிறகு டிமெரிட்ஸ். "வாய்ஸ் ஆடிபிள்", "பிளாக்போர்டு ஒர்க் நீட்" என்று நாங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். மாஸ்டர் கடைசியில் வாய் திறப்பார்.

ஒரு தடவை என் தோழி ஓவர், அண்டர், பிட்வீன் எடுத்தாள். ஃபிளானல் போர்டில் ஒரு பூனை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பூனையை நகர்த்தி நகர்த்தி ஒட்டினாள். "ஈஸ் த கேட் அண்டர் த டேபிள்?" என்று கேட்டாள். "எஸ் டீச்சர்" என்று வகுப்பே அதிர்ந்தது. "ஈஸ் த கேட் பிட்வீன் த சேர்ஸ்?" மறுபடி "எஸ் டீச்சர்". மணி அடித்தபோது அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாங்களும் மெரிட்ஸை வாரி இறைத்தோம். மாஸ்டர் சொன்னார்: "நீ கேட்ட எல்லாத்துக்கும் பதில் 'எஸ் டீச்சர்'தான்மா. அதை அவன் தூக்கத்திலயும் சொல்லுவான். பூனை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுதா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி கேட்பது பற்றி எந்தப் புத்தகத்திலும் நாங்கள் இதைவிடத் தெளிவாகப் படித்ததில்லை. மறுநாள் அவள் பூனையை ஒட்டிவிட்டு "வேர் ஈஸ் த கேட்?" என்று கேட்டாள். பாதி வகுப்பு முழித்தது. அப்போதுதான் பாடமே ஆரம்பித்தது.

இதைச் சொல்வதால் அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே மாஸ்டர் வேறொரு நாள், கரும்பலகையில் கோடு சாய்ந்ததற்காக ஒரு பையனை அழ வைத்தார். சில கல்லூரிகளில் சேலையின் நிறத்துக்கும் தலைப்பின்னலுக்கும் டிமெரிட்ஸ் விழுந்தது. கிராமத்திலிருந்து வந்து தமிழ் வழியில் படித்து முடித்தவர்களின் உச்சரிப்பை எல்லார் முன்பும் திருத்தி, அவர்கள் அதற்குப் பிறகு வாயே திறக்காதபடி செய்துவிட்டவர்களும் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்பதில் ஒழுங்கில்லை. பார்த்தார்கள் என்பது மட்டும் உண்மை. 40 நாளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் கடைசி பெஞ்சில் இருப்பார்: மாஸ்டர், இல்லாவிட்டால் பள்ளியின் கைடு டீச்சர், அவரும் இல்லாவிட்டால் கூடப் படிக்கிறவள்.

இடையில் மைக்ரோ டீச்சிங் வந்து சேர்ந்தது. 1963-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கி, எழுபதுகளில் இந்தியப் பயிற்சிக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு 6 நிமிடம் நடத்து, 6 நிமிடம் குறை நிறை கேள், 12 நிமிடத்தில் திட்டத்தைத் திருத்து, மறுபடி 6 நிமிடம் நடத்து, மறுபடி 6 நிமிடம் கேள். மொத்தம் 36 நிமிடச் சுற்று. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பி.எட். படிக்கிற எல்லாரும் இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஸ்டான்ஃபோர்டில் அதற்குப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்தார்கள், வீடியோவில் பதிவு செய்தார்கள். இங்கே இரண்டும் இல்லை. எனவே ஆங்கில இலக்கியம் படித்த பத்துப் பேர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்வார்கள். "வாட் ஈஸ் திஸ்?" என்று பேனாவைக் காட்டினால் பத்துப் பேரும் கை தூக்குவார்கள். தப்பாகப் பதில் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது. தெரியாத பிள்ளையிடம் என்ன செய்வது என்பதைத் தெரிந்தவர்களை வைத்துப் பழகுவது ஒரு விநோதம். வேறு பாடங்களுக்கு இது எப்படியோ, மொழிப் பாடத்துக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதே காலத்தில் சென்னையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் சில பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். வாக்கிய அமைப்பையே சொல்லித்தராமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது. இந்த ரயில் கால அட்டவணையைப் பார், சென்னையிலிருந்து எந்த வண்டியில் ஏறினால் சீக்கிரம் போகலாம் என்று கண்டுபிடி. இந்த வரைபடத்தில் வழி சொல். மனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. பெங்களூர் புராஜெக்ட் என்று பெயர் வாங்கிய அந்த வேலை, உலகமெங்கும் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களின் பாடத்திட்டத்தில் இன்று ஓர் அத்தியாயம். சோதனை வகுப்புகள் சென்னையிலும் நடந்தன. அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த பயிற்சிக் கல்லூரிகளில் நாங்கள் அப்போதும் கதவைத் திறந்துகொண்டிருந்தோம். பிரபுவின் பெயரை நான் கேள்விப்பட்டதே வேலைக்குச் சேர்ந்து பல காலம் கழித்துத்தான்.

இனி இன்றைக்கு வருவோம்.

2012-ல், உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் பயிற்சியின் சீர்கேட்டைப் பற்றி அறிக்கை கொடுத்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் விதிகளை மாற்றியது. 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடம் ஆனது. பள்ளியில் இருக்க வேண்டியது மொத்தம் 20 வாரம், முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. டீச்சிங் பிராக்டிஸ் என்ற பெயரும் போய் இன்டர்ன்ஷிப் வந்தது. 40 நாளில் என்ன பெரிதாகக் கற்றுவிட முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல சேதியாகத்தான் இருந்தது.

என் அண்ணன் மகள் இப்போது இரண்டாம் ஆண்டில், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். சனிக்கிழமை வந்தால் என் வீட்டு மேசை முழுக்க ரெக்கார்டு பரப்பிவிடுவாள். லெசன் பிளான் ரெக்கார்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, மைக்ரோ டீச்சிங் ரெக்கார்டு, டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட், கேஸ் ஸ்டடி, ஆக்‌ஷன் ரிசர்ச், டீச்சிங் எய்டு ஆல்பம். தலைப்புக்குக் கறுப்பு மை, உள்ளே நீலம், அடிக்கோட்டுக்குப் பென்சில். கையால்தான் எழுத வேண்டும். பயிற்சிக் கல்லூரி இருக்கிற ஊர்களில் பணம் வாங்கிக்கொண்டு ரெக்கார்டு எழுதித் தருகிறவர்கள் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அவள் தானே எழுதுகிறாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"ஸ்கூல்ல நாள் முழுக்க என்னம்மா பண்ற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"காலையில பிரேயர்ல லைன் பார்க்கணும் அத்தை. அப்புறம் யாராவது லீவுன்னா அந்த கிளாஸுக்குப் போகணும். நேத்து ரெண்டு பீரியடு சோஷியல், ஒரு பீரியடு பயாலஜி. மத்தியானம் டெஸ்ட் பேப்பர் திருத்துனேன். கடைசி பீரியடுதான் நம்ம இங்கிலீஷ்."

"அதை யாரு பார்த்தாங்க?"

"பார்க்கிறதா? கைடு மிஸ்ஸுக்கு அந்த நேரம் பிளஸ் ஒன் கிளாஸ் இருக்கு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? டெய்லி லெசன் பிளான்ல சைன் போட்டுடுவாங்க."

அந்தப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலிப் பணியிடம் இருக்கிற பள்ளிக்குப் பயிற்சி மாணவர்கள் வந்து இறங்குவது கோடைமழை. எல்லாரையும் ஏதாவது ஒரு வகுப்பில் நிறுத்தியாக வேண்டும். கைடு டீச்சருக்கு இதற்கென்று ஒரு பீரியடு குறைப்பது கிடையாது, தனிச் சம்பளம் கிடையாது, எப்படிக் கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்ததும் கிடையாது. கல்லூரியிலிருந்து வருகிற சூப்பர்வைசருக்கோ பல ஊர்களில் பல பள்ளிகள். ஒரு தடவை வந்து, தலைமையாசிரியர் அறையில் டீ குடித்து, இரண்டு வகுப்பை எட்டிப் பார்த்து, ரெக்கார்டில் தேதி போட்டுவிட்டுப் போவார். இவையெல்லாம் வகுப்பு ஒழுங்காக நடக்கிற கல்லூரிகளின் கதை. பெயரைப் பதிந்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்கிற நான்-அட்டெண்டிங் கல்லூரிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே 16 வாரமும் காகிதத்திலேயே முடிந்துவிடுகிறது.

வாரங்களைக் கூட்டியவர்கள் கடைசி பெஞ்சில் உட்காருகிற ஆளைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குள்ள குறை இது ஒன்றுதான். தனியாக விடப்பட்ட 16 வாரத்தில் ஒருத்திக்குப் பழக்கம் வரும். எந்தப் பழக்கம் என்பதுதான் பிரச்சினை. சத்தமாகப் பேசினால் வகுப்பு அடங்கும் என்பதை முதல் வாரத்தில் கற்றுக்கொள்வாள். தமிழில் பொருள் சொல்லிவிட்டால் பாடம் சீக்கிரம் முடியும் என்பதை இரண்டாம் வாரத்தில். மீதி 14 வாரமும் இந்த இரண்டும் கெட்டிப்படும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் 1962-ல் இன்டர்நேஷனல் ஹவுஸில் இரண்டே வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வருகிறவர்களை, முதல் வாரத்திலேயே நிஜ மாணவர்கள் முன்னால் நிறுத்திவிடுவது அவர் வழி. அதன் வழித்தோன்றல்தான் இன்று கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா. மொத்தம் 120 மணி நேரம். அதில் ஒவ்வொருவரும் நடத்த வேண்டிய வகுப்பு 6 மணி நேரம்தான். அந்த 6 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடப் பார்வையாளர் இல்லாமல் போகாது. பயிற்சியாளர் பார்ப்பார், சக மாணவர்கள் பார்ப்பார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். வசதியுள்ளவர்கள் பெரியவர்களின் சிறு குழுவுக்கு நடத்துகிற வகுப்பு அது. எங்கள் 60 பேர் வகுப்போடு ஒப்பிட முடியாது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். டாக்காவில் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், நெருக்கியடித்த பெஞ்சுகளும் ஏற்றத்தாழ்வான பிள்ளைகளும் ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியருமாக உள்ள வகுப்பைப் பற்றி 1960-லேயே தனிப் புத்தகம் எழுதினார். வெளிநாட்டார் எழுதியவற்றில் எங்கள் வகுப்பறை இருந்த புத்தகம் அது ஒன்றுதான். ஆனாலும் 6 மணி நேரம் என்ற அந்த எண் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் பழைய கிரிட்டிசிசம் கிளாஸில் இருந்ததும் அதே சரக்குதான், மரியாதை மட்டும் குறைவு.

சென்னையில் ஜெர்மன் சொல்லித்தருகிறவர்களுக்கும் இப்போது கிராக்கி. நர்சுகளும் பொறியாளர்களும் ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள், மொழி வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிறுவனம் தன் ஆசிரியர் பயிற்சியில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறது. பயிற்சி பெறுகிறவர் தன் வகுப்பைப் பற்றித் தனக்கே உள்ள ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, அதை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்து, சாட்சியத்தோடு காட்ட வேண்டும். பி.எட்.டில் உள்ள ஆக்‌ஷன் ரிசர்ச்சும் இதே எண்ணத்தில் வந்ததுதான். அது ஸ்பைரல் பைண்டிங் போட்ட 40 பக்கமாக மாறி, போன வருட சீனியரிடமிருந்து கைமாறி வருகிறது.

எல்லாமே கீழே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைய வகுப்பில் பிள்ளைகள் பயப்படுவதில்லை, தெரியாது என்று தைரியமாகச் சொல்கிறார்கள். யூடியூபிலும் வீடியோ கேமிலும் பொறுக்கிய ஆங்கிலம் அவர்களிடம் இருக்கிறது. அதற்கும் பாடப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்றாலும் காது பழகியிருக்கிறது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு. ஸ்மார்ட் போர்டு வந்த பள்ளிகளில் ஓர் உரையாடலைப் போட்டுக் காட்ட ஃபிளானல் துணியும் கத்தரித்த பூனையும் வேண்டாம். தமிழே கூடாது என்ற பிடிவாதமும் தளர்ந்துவிட்டது. ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போகலாம் என்பதை இப்போது கல்லூரியிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். 2022-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. நாங்கள் படித்தபோது வகுப்பு என்றால் ஒரே நிலை, பின்தங்கியவன் சோம்பேறி.

ஒன்று மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆங்கில ஆசிரியராகப் போகிறவர் ஆங்கிலம் பேசுவதை யாரும் முறையாகக் கேட்பதில்லை. 2012 முதல் தமிழ்நாட்டில் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு நடக்கிறது. 150 கேள்வி, எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதே 2012-13-ல்தான் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் பாதி நேரம் ஆங்கிலத்தில் பேசப் போகிறவரை, வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கிறோம். பேச்சு வராதவர்களைக் கழித்துக்கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பேச வாய்ப்பே இல்லாமல் எம்.ஏ. வரை வந்தவர்கள் அவர்கள். பயிற்சிக் காலத்திலாவது தினமும் அரை மணி நேரம் பேசவைத்தால் வந்துவிடும்.

2025-ல் புதிய வரைவு விதிகள் வெளியாயின. நான்கு வருடப் பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். மறுபடி வரலாம் என்கிறது வரைவு. கல்லூரி வட்டாரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

என் அண்ணன் மகளுக்குப் பாதி இன்டர்ன்ஷிப்பில் கைடு டீச்சர் மாறினார். பழையவர் பிரசவ விடுப்பில் போக, இளம் வயதுக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கும் அதே பிளஸ் ஒன் வகுப்பு மோதியது. தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்தில் இரண்டு பீரியடை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டார். முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் வகுப்பின் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். எந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாவது பேசுகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். வகுப்பு முடிந்ததும் தாளை நீட்டினார். 44 கட்டத்தில் 5 டிக், ஐந்தும் முன் வரிசை.

"உங்களுக்கு டிக் போட ஆரம்பிச்சிருந்தா தாள் பத்தியிருக்காதும்மா" என்றாராம். இவள் என்னிடம் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து லெசன் பிளானில் பாதியை வெட்டினோம். கதையை இவள் வாசித்து விளக்குவதற்குப் பதில், கதையின் எட்டு வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டாக்கி, ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு கட்டு கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது என்று முடிவாயிற்று. ஏன் அந்த வரிசை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், முடிந்தவரை ஆங்கிலத்தில்.

அடுத்த வகுப்பில் ஒரே இரைச்சல். "நோ, திஸ் ஃபர்ஸ்ட்", "ஒய்?", "பிகாஸ் கிங் டெட்" என்று பெஞ்சுக்குப் பெஞ்சு சண்டை. பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வந்து வாசலில் நின்றார். "என்னம்மா, சந்தைக்கடையா இருக்கு?"

பின்னாலிருந்து கைடு டீச்சர் எழுந்து வந்தார். "இங்கிலீஷ் பேசுறாங்க சார். பேசுனா சத்தம் வரத்தானே செய்யும்?"

அன்றைக்குப் பார்த்துக் கல்லூரி சூப்பர்வைசரும் வந்திருந்தார். பத்து நிமிடம் நின்றுவிட்டு, ரெக்கார்டில் டிமெரிட்ஸ் என்ற தலைப்பின் கீழ் "கிளாஸ் கண்ட்ரோல் போதாது" என்று எழுதிவிட்டுப் போனார். கைடு டீச்சர் தன் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தார். சூப்பர்வைசரின் கையெழுத்துக்குக் கீழேயே, மெரிட்ஸ் என்று தானாக ஒரு தலைப்புப் போட்டு, "31 பேர் பேசினார்கள்" என்று எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தார்.